கால் வைக்கக் கூடாத மண்

மழை பெய்தால் வேலையை நிறுத்துகிற ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? சிலோன் மலையில் இன்னும் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிற நம்மவர்கள் கேட்டால் சிரிப்பீர்கள். இங்கே, கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே, வருடம் பூராவும் மழை மழை என்று வானத்தையே பார்த்துக் கிடப்பார்கள். அது வந்துவிட்டாலோ ஆளும் மாடும் வீட்டுக்குள். மண் காய்ந்து பதம் வரும்வரை யாரும் காட்டில் கால் வைக்க மாட்டார்கள். விதைக்கிற நிலத்தைத்தான் இங்கே காடு என்கிறார்கள். இன்று காலையிலிருந்து நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் கம்பளியைப் போட்டு, அட்டைக் கடிக்குப் பயந்து சோப்பைத் தேய்த்துக்கொண்டு கொட்டுகிற மழையில் மலையேறிய கால் இது. சும்மா இரு என்றால் கேட்குமா?

முதல் ஐப்பசியில் கேட்கவில்லை. அப்போது கப்பலில் வந்து இறங்கி வருடம்கூட ஆகவில்லை. மண்டபம் முகாமில் பார்த்த ஒரு பாதிரிச் சாமியார்தான், தன் பங்குக் கோயில் ஊரில் ஒரு விதவை காட்டு வேலைக்கு ஆள் தேடுகிறாள் என்று என்னையும் மனைவி ரோசம்மாளையும் இங்கே அனுப்பினார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த விதவை ஞானம்மாள். ஒரே மகன் பம்பாயில். பூசைக்கு முதல் ஆளாய்ப் போவாள், பேச்சில் மட்டும் மிளகாய். என் பெயரை அவள் கேட்டதேயில்லை. நான் 'சிலோனு', அவ்வளவுதான். அவள் உளுந்து விதைத்த மறுநாள் நல்ல மழை. காடு முழுக்கத் தண்ணீர் நின்றது. தோட்டத்தில் தண்ணீர் நின்றால் கங்காணி நம் தோலை உரித்துவிடுவார் இல்லையா? நானும் ரோசம்மாளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, காட்டின் குறுக்கே மலைக் கணக்கில் அருமையாக ஒரு வடிகான் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டோம். ஞானம்மாள் ஓடி வந்தாள்.

"ஏலே சிலோனு, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? தண்ணி எங்கன போவுது?"

பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "நேரா ஓடையில போய் விழுந்துரும்மா. ஒரு சொட்டு நிக்காது," என்றேன் பெருமையாக. அவள் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

கரிசலில் நிற்கிற அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் தை வரைக்கும் பயிர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஈர மண்ணை மிதித்தால் அது இறுகிப்போகும் என்பதும் தெரியாது. சில நாளில் உளுந்து முளைத்தது. நாங்கள் நடந்த இடத்தில் மட்டும் முளைக்கவில்லை. பச்சைக்கு நடுவே என் பெரிய அடியும் ரோசம்மாளின் சின்ன அடியும் பக்கம் பக்கமாகப் போயின. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. ஞானம்மாள் சிரிக்கவில்லை. "எங்க கெணத்துப் பக்கம் இனி உங்க கால் படக்கூடாது," என்று சொல்லிவிட்டாள். வேலையும் போயிற்று. மலை ஊற்றுப் பீலிக்குழாயில் இரவும் பகலும் கொட்டுகிற தண்ணீரில் குளித்து வளர்ந்த ரோசம்மாள், ஒரு குடத்துக்காக ஊர் கடைசிக் கிணறு வரை நடந்தாள். நான் ஞானம்மாளை மனதாரச் சபித்தேன். இதை மறைப்பானேன்?

அடுத்த ஐப்பசியில் எங்களுக்கு விடிவு வந்தது. நெல்லைப் பக்கம் ஒரு மில்லில் நம்மவர்களுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஜோடியாய் வந்தால் வேலை, கூடவே வீடு. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே போயாயிற்று. ரோசம்மாளின் தம்பி அந்தோணி எங்களுக்கும் சொல்லி வைத்து, மாதம் முடிவதற்குள் வரச் சொன்னான். நம் பேச்சைக் கேட்டே எத்தனை நாள்! ரோசம்மாள் அன்றைக்கே சட்டிபானையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரம்தான் மழை பிடித்தது. ஞானம்மாளின் கன்றுக்குட்டி விதைத்த காட்டுக்குள் போய்விட, ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் தானே இறங்கிவிட்டாள். கரிசல் காலைப் பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு நானும் மூன்று பேரும் தார் ரோடு வரைக்கும் தூக்கிப் போனோம். கோவில்பட்டி ஆசுபத்திரியில் கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் அசையக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். பம்பாய் மகன் வந்தான், அழுதான், லீவு முடிந்து போனான். சொந்தக்காரர்கள் வந்து காப்பி குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். கஞ்சி கொடுக்கக்கூட ஆள் கிடைத்தது. மலம் எடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

ரோசம்மாள் போனாள். இரண்டு நாள் உதவி என்றுதான் நினைத்தேன். அந்தோணி கடம்பூரில் போளி வாங்கிக்கொண்டு எங்களைக் கூட்டிப்போக வந்த அன்று, கட்டின மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரலடா தம்பி. அந்தம்மா எந்திரிச்சு நடக்கட்டும்."

"அதுவரைக்கும் வீட்டப் பூட்டி வச்சிருப்பாங்களாக்கா? இத விட்டா கெடைக்காது."

"தெரியும்டா."

எனக்கு வந்ததே கோபம். "கெணத்துத் தண்ணிக்குக்கூட வக்கில்லாமப் பண்ணினவ. அவ மேல உனக்கு என்னா அவ்வளவு பாசம்?" என்று கத்தினேன்.

"பாசமா? எனக்கு அந்தம்மாவக் கண்டாலே ஆகாதுங்க," என்றாள் ரோசம்மாள். "புடிச்சவங்களுக்குன்னா யாரும் செய்வாங்க. அதுக்கு ஏசு எதுக்கு, சிலுவை எதுக்கு? நீங்க வேணா தம்பியோட போங்க."

ஜோடியாய்ப் போனால்தானே வேலை? நான் மட்டும் எங்கே போவது? நான் தியாகம் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் நின்றுவிட்டேன். அந்தோணி போளிப் பொட்டலத்தை வைத்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனான்.

அன்று மத்தியானம் நான் சண்டையைத் தொடரலாம் என்று ஞானம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் கால் விரலிடுக்கில், விழுந்த அன்று ஒட்டிய கரிசல் காய்ந்து அப்படியே இருந்தது. ரோசம்மாள் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலத் தொடாதட்டி," என்று நல்ல காலை இழுத்துக்கொண்டாள் ஞானம்மாள். "நான் உன்னையத் தண்ணிக்கு நாயா அலைய விட்டவ."

"அலைய விட்டீங்கதான். காலக் காட்டுங்க."

பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார், ஏசு சீடர்களுக்குச் செய்ததுபோல் ஆட்களின் பாதம் கழுவுவார், பார்த்திருப்பீர்கள். பீடத்தில் உட்காரப் போகிற ஆண்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். நானும் ஒரு வருடம் அப்படி உட்கார்ந்தவன். அழுக்குள்ள காலைக் கழுவிப் பார்த்தது அன்றைக்குத்தான். சண்டையைப் போடாமலே திரும்பி வந்தேன்.

அந்த வீடும் வேலையும் வேறொரு ஜோடிக்குப் போயின. பிறகு எத்தனை கேட்டும் இடமில்லை. பண்டிகைக்கு மில் காலனிக்குப் போனால், "கரிசக்காட்டு ஆளுங்க வந்துட்டாங்க," என்று நம்மவர்களே கேலி செய்கிறார்கள். கூட்டத்தில் இருக்கிறபோது ரோசம்மாள் வாய் ஓயாமல் பேசுகிறாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுகிறாள். நான் பார்க்காதது போல இருந்துகொள்வேன். இங்கே நான் இன்னும் சிலோனுதான். இப்போது அவள் வீட்டிலேயேதான் இருக்கிறோம். ஞானம்மாளும் மாறிவிடவில்லை, தடியை ஊன்றி நடந்தபடியே எங்கள் சமையலில் குற்றம் சொல்கிறாள்.

இதை எழுதுகிற இப்போதும் மழை விடவில்லை. ரோசம்மாள் பழைய கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மழை வந்தால் அதை எடுத்துப் போட்டுக்கொள்வாள். எங்கே போவதற்கு என்று நான் கேட்பதில்லை. உள்ளேயிருந்து ஞானம்மாளின் குரல் வருகிறது.

"ஏட்டி, கெணத்துக் கயிறு நனையுது பாரு. எடுத்து உள்ள போடு. கல்லு மேல பாத்து நட."

கிணறு வரைக்கும் மிதிகல் போட்டிருக்கிறோம். போய்க் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவள் ஒரு கல்லைத் தவறவிட்டுவிட்டாள். படியேறும்போது ஒரு கால் சுத்தமாக இருக்கிறது, மற்றதில் கணுக்கால் வரை கரிசல். ஞானம்மாள் சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்திருக்கிறாள். அவளால் குனிய முடியாது. "நீட்டு," என்று சொல்லி, நின்றபடியே அந்தக் காலில் ஊற்றுகிறாள்.