உள்ளே விட்ட இரண்டு அங்குலம்

என் சகலையை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். இதை மூடி மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பான். குடியிருப்பது அரசாங்கக் குவார்ட்டர்ஸில். சுற்றிலும் மதில், வாசலில் காவலாளி, நடுவில் பிள்ளைகள் ஓட ஒரு மைதானம். நான் ஐந்தாம் வகுப்போடு தையல் மிஷினில் உட்கார்ந்தவன். பள்ளிச் சீருடை தைக்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கும் ஒரே அறைதான் வீடு. வாசலில் கால் வைத்தால் லாரி.

இரண்டு வீட்டிலும் ஒரே மாதத்தில் பெண் குழந்தை. என்னுடையது எட்டாம் மாதமே வந்துவிட்டது. இரண்டு கிலோகூட இல்லை. பார்க்க வந்த சொந்தமெல்லாம் எங்களிடம் உச்சுக் கொட்டிவிட்டு அவன் பிள்ளையைக் கொஞ்சப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என் மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. மூன்றாம் மாதமே திரும்பப் போக வேண்டியதாயிற்று. புட்டிப்பால் கலக்குவது நான். பால் பவுடர் டப்பாவில் ஒரு கரண்டி என்று போட்டிருந்தால் நான் ஒன்றரை போடுவேன். பிள்ளை முகத்தைத் திருப்பினாலும் விடமாட்டேன், புட்டி காலியாக வேண்டும். ஒரு வயதில் கையிலும் காலிலும் மடிப்பு மடிப்பாகச் சதை. சகலை வந்து பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் சொன்னான்:

“உங்க அக்கா புள்ளையப் பாரு, வெண்ணெய் உருண்டை மாதிரி. நம்மது ஈர்க்குச்சி.”

அவன் முகம் வாடியது. நான் அவனை ஜெயித்த நாள் அது ஒன்றுதான்.

இப்போது இரண்டுக்கும் ஒன்பது வயது, ஒரே பள்ளி. ஈர்க்குச்சி ஓட்டப் பந்தயத்தில் முதல். என் மகளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பள்ளி விட்டு வந்ததும் துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். அம்மாவுக்கு இரண்டாவது ஷிப்ட், நான் மிஷினை விட்டு எழ முடியாது, தெருவில் விடவும் முடியாது. கம்பெனியில் உடைந்த பிஸ்கட்டை ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். அந்தப் பையும் என் போனும் கையில் இருந்தால் அவளிடமிருந்து சத்தமே வராது.

இதில் என் கைவேலை ஒன்றும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு இடுப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத்தான் தைப்போம். துணி இறுகினால் தாய்மார்கள் கொண்டுவந்து காட்டுவார்கள். பிள்ளை பருத்தது அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். என் வீட்டில் துணி இறுகியதே இல்லை. இறுகப் போகிறது என்று தெரிந்தாலே, ஞாயிற்றுக்கிழமை காய்ந்த பாவாடையை எடுத்து, தையலைப் பிரித்து, அரை அங்குலம் வெளியே விட்டுவிடுவேன். உள்ளே விட்டது தீர்ந்ததும் பக்கவாட்டில் அதே துணியில் பட்டை வைத்தேன். மனைவிக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. சகலை பார்த்து, “என்ன, துணி பிதுங்குது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

போன மாதத்துக்கு முந்தின மாதம் பள்ளியில் பரிசோதனை. நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம்.

“துணி இறுகலையாம்மா? ஒரு வருஷமா கவனிக்கலையா?”

“போன வருஷப் பாவாடைதாங்க. இன்னும் பொருந்துதே” என்றாள் என் மனைவி.

நர்ஸம்மா பக்கத்தில் நின்ற மகளின் பாவாடை இடுப்பை உள்பக்கமாகத் திருப்பினார். பழைய தையல் தடம் வரிசையாக நான்கு. பக்கத்தில் பட்டை.

“அப்பா என்ன வேலை பாக்குறீங்க?”

“தையல்.”

“நல்லாத்தான் தைக்கிறீங்க.”

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மிஷின் ஊசியே தேவலை.

மகள் என்னென்ன தின்கிறாள் என்று கேட்டுக்கொண்டு, அவளை வெளியே அனுப்பிவிட்டு நர்ஸம்மா சொன்னார்: “புள்ளையத் திட்டாதீங்க, பட்டினியும் போடாதீங்க. அந்த பிஸ்கட் பை வீட்டுக்குள்ள வரக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாடணும். இப்படியே விட்டா பெரிய வியாதியில கொண்டு போய் விடும்.”

பள்ளி வாசலில் நான் வெடித்தேன். “எங்க ஓடுறது? லாரிக்கு முன்னாடியா?”

“தங்கச்சி வீட்டுல விடலாம்.”

“அவன் வாசல்ல போய் நான் நிக்கணுமா?”

“உங்க வீம்பையும் உள்ள விட்டுத் தச்சுக்குங்க. எனக்கு என் புள்ள வேணும்.”

மறுநாள் மூன்று மணிக்குப் போய் நின்றேன். சகலை பனியனோடு காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“வாங்க சகலை! வழி தப்பிட்டீங்களா?”

ஒன்றரைக் கரண்டியிலிருந்து பட்டை வைத்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் சிரிக்கவில்லை.

“அன்னிக்கு உங்க புள்ளையப் பாத்துட்டு எனக்கும் வயிறெரிஞ்சுது சகலை. மறுநாளே நானும் பால் டப்பா வாங்கிட்டு வந்தேன். உங்க கொழுந்தியா தூக்கிப் பரண்ல போட்டுட்டா. அவ வேலைக்குப் போகல, வீட்டுலயே இருந்தா. தாய்ப்பாலும் சோறும் போதும்னுட்டா. இல்லேன்னா நானும் உங்கள மாதிரிதான். நாளைலேர்ந்து அனுப்புங்க.”

அதற்கும் எனக்கு எரிந்தது. டப்பாவைத் தூக்கிப் போட அவனுக்கு வீட்டில் ஆள் இருந்தது.

இப்போது பள்ளி விட்டதும் நேரே அங்கே போகிறாள். ஆறு மணிக்கு நான் போய்க் கூட்டிவருவேன். எடை ஏறுவது நின்றிருக்கிறது, இப்போதைக்கு அது போதும் என்கிறார் நர்ஸம்மா. வழி முழுக்கச் சித்தப்பா புராணம்தான். சித்தப்பா குதித்தார், சித்தப்பா விழுந்தார். போன வாரம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “அப்பா, ஓட்டத்துல நான் சித்தப்பாவ ஜெயிச்சுட்டேன்!”

விட்டுக்கொடுத்திருப்பான், களவாணி. என் பிள்ளையிடம் தோற்பதற்கு இவன் யார்? அது என் உரிமை.

மறுநாள் ஐந்து மணிக்கே கடையை இழுத்து மூடினேன். செருப்பை மைதானத்து ஓரத்தில் கழற்றிப் போட்டேன்.

“சகலை, பாத்து. தையல் விட்டுடப் போகுது” என்றான்.

நான்கு பேரும் ஓடினோம். ஈர்க்குச்சி முதல், சகலை இரண்டாவது, என் மகள் மூன்றாவது. நான் கடைசி. விட்டுக்கொடுத்ததெல்லாம் இல்லை. நிஜமாகவே ஓட முடியவில்லை.