திறக்காத கதவுக்கு ஒத்திகை

மருத்துவமனை லாண்டரியில் அவளை நீராவி என்றுதான் கூப்பிடுவார்கள். வருடக்கணக்காக இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நிற்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்பவர்களிடம் அவள் சொல்வாள். கோபம் வந்தால் மூடி தூக்கிவிடும், அதனால் வந்த பெயர் என்று மற்றவர்கள் திருத்துவார்கள். இரண்டும் உண்மைதான். ஈரப் போர்வை ஒரு பக்கம் உள்ளே போகும், மறுபக்கம் சுடச்சுட வெளியே வரும். கவனம் பிசகினால் விரல் இருக்காது. அந்த இடத்தில் நிற்பவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

தம்பி செத்த பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"யாரையாவது திட்டவாவது செய்யுங்கக்கா," என்றாள் பக்கத்து உருளைக்காரி. "நீங்க சும்மா இருந்தா பாய்லர் வெடிக்கப் போற மாதிரியே இருக்கு."

"வெடிக்கிறப்ப சொல்றேன். தள்ளி நில்லு."

தம்பி வெல்டர். குடிக்காத நாளில் அவன் பற்றவைத்த இரும்பில் ஒட்டு எங்கே என்று விரலால் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. குடித்த நாளில் வீட்டில் எது இருக்கிறதோ அது சாராயக் கடைக்குப் போய்விடும். ஒருநாள் மனைவியின் மணிக்கட்டை முறுக்கினான். எலும்பு கோணலாகவே சேர்ந்தது. அவள் தனியாக ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டு போனபோது பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது நீராவிதான். சொந்தத் தம்பியை விட்டுவிட்டு அவன் பெண்டாட்டிக்குப் பெட்டி தூக்குகிறாளே என்று உறவுக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்கள். மெல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெட்டி போன பிறகுதான் தம்பிக்கு உறைத்தது. தானாகவே மறுவாழ்வு இல்லத்தில் போய்ச் சேர்ந்தான். காலையில் பிரார்த்தனை, பிறகு வாழ்க்கைத் திறன் வகுப்பு. சம்பளத்தை எப்படிப் பிரித்து வைப்பது, வேலை கேட்டுப் போனால் என்ன பேசுவது, கோபம் தலைக்கேறும்போது எப்படி மூச்சு விடுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். பிரார்த்தனையோடு அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை. காலையில் எழுந்து கடவுளைக் கும்பிடுகிறவன் காலையிலேயே குடிக்கவில்லை என்றுதானே அர்த்தம். தம்பி முகத்தில் வீக்கம் வடிந்தது. தன் தட்டைத் தானே கழுவினான். குடியை விட்டான். அது பொய்யில்லை.

கடைசிப் பாடத்துக்கு ஒப்புரவு என்று பெயர். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நீராவி தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தம்பி தன் மனைவியின் மாடிப்படி ஏறினான். கதவுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னான். உள்ளேயிருந்து அவள், "கேட்டுட்டேன். போயிடு. இனிமே வராதே," என்றாள். கதவு திறக்கவில்லை.

மறுநாள் காலை பஸ் நிலையத்துப் பெஞ்சிலிருந்து அவனைத் தூக்கினார்கள். பல மாதம் காய்ந்து கிடந்த உடம்பு, ஒரே ராத்திரியில் குடித்த அவ்வளவையும் தாங்கவில்லை என்றார் டாக்டர். சட்டைப் பையில் இருந்த போனைக் கொடுத்தார்கள். அவன் கடைசியாகக் கூப்பிட்டிருந்தது இல்லத்து எண்ணை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தான். ஒரு தடவைகூட யாரும் எடுக்கவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

துக்க வீட்டில் சித்தி ஆரம்பித்தாள். "அவ மட்டும் கதவைத் திறந்திருந்தா என் பிள்ளை இருந்திருப்பான்."

"உன் கையை ஒருத்தன் முறுக்கியிருந்தா நீ திறந்திருப்பியா சித்தி?" என்றாள் நீராவி.

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி, கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கதவுக்கு வெளியே சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நாத்தனாரிடம் சொன்னாள். பிறகு, "மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரியே இருந்துச்சு அண்ணி," என்றாள்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தம்பியின் பையை வாங்கிக்கொண்டு வர இல்லத்துக்குப் போனாள். நடத்துகிறவரை எல்லோரும் ஐயா என்றார்கள். பெரிய உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத மெல்லிய குரல். அவரும் ஒரு காலத்தில் குடித்து உருண்டவர்தான். அதை அவரே முதல் வாக்கியமாகச் சொல்லிக்கொள்வார்.

"தங்கமான பையன்மா. விசுவாசத்துல கொஞ்சம் தளர்ந்துட்டான். பாடத்துல ஒண்ணும் குறையில்ல."

செத்தவன் மேல் பழியைத் தூக்கி வைப்பதற்கு எவ்வளவு மெல்லிய குரல். "பையைக் குடுங்க, போறேன்," என்றாள்.

பை இருந்த அறையின் சாவி சமையல் அம்மாவிடம் இருந்தது. சமையல் அம்மா வகுப்பில் இருந்தாள். சமையல் செய்கிறவளுக்கு வகுப்பில் என்ன வேலை என்று யோசித்தபடி கூடத்துக்குப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். பினாயில் வாசனை. சுவரோரம் துவைத்துக் காய்ந்த துண்டுகள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், எல்லோரும் தலை வாரியிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் சமையல் அம்மா, யாரையோ பெற்றவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீங்குக்கு ஆளானவர் வேஷம் எப்போதும் அவளுக்குத்தானாம். அவள் முன்னால் பெயிண்டர் ஒருவன் கைகட்டி நின்றான்.

"நான் உங்களுக்குச் செஞ்சதை மறைக்கல. கடவுள் முன்னாடியும் உங்க முன்னாடியும் ஒத்துக்கறேன். உங்க வலிக்கு நான்தான் காரணம், வேற யாருமில்ல. என்னை மன்னிக்க முடியுமா?"

"மன்னிச்சேன்ப்பா. உள்ள வா," என்றாள் சமையல் அம்மா. "சீக்கிரம் முடிங்கய்யா, அடுப்புல பால் இருக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். ஐயா கண்ணை மூடி இரண்டு வரி பிரார்த்தித்தார். பாடம் அவ்வளவுதான்.

அதே வார்த்தைகள். மூடிய கதவுக்கு வெளியே தம்பி சொன்னது இதைத்தான். சொல்லிவிட்டு, 'உள்ள வா' என்ற குரலுக்காக நின்றிருப்பான். இந்தக் கூடத்தில் எத்தனை தடவை கேட்ட குரல். கை தட்டலுக்காகக்கூட நின்றிருப்பான், பாவி.

"அடுத்து நம்ம டிரைவர். இந்த ஞாயித்துக்கிழமை மகளைப் பாக்கப் போறார்," என்றார் ஐயா.

டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பேத்தியை வண்டியில் வைத்துக்கொண்டு குடித்துவிட்டு ஓட்டி மதிலில் மோதியவர். குழந்தை இன்னும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறது. மகள் அதன்பிறகு முகத்தில் முழிக்கவில்லை. இதையெல்லாம் அவரே எழுந்து சொல்லிவிட்டுச் சமையல் அம்மா முன்னால் போய் நின்றார்.

"நான் உக்காரறேன்," என்று நீராவி எழுந்தாள்.

பாலை நினைத்துச் சமையல் அம்மா ஓடியே போய்விட்டாள். ஐயா மறுப்பதற்குள் நாற்காலி நிரம்பிவிட்டது. டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு வாக்கியத்தையும் பிசகாமல் சொன்னார்.

"கேட்டுட்டேன்," என்றாள் நீராவி. "போயிடு. இனிமே வராதே."

டிரைவர் ஐயாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீங்க மன்னிச்சேன்னு சொல்லணும்," என்றார்.

"ஏன் சொல்லணும்?"

"பாடம் அப்படித்தான்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "உங்க மக இந்தப் பாடம் படிச்சிருக்காளா? கதவைச் சாத்தியாச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?"

டிரைவர் முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டது.

"அம்மா," என்று ஐயா முன்னால் வந்தார். "நம்பிக்கையோட அனுப்பறோம். நாமளே கதவைச் சாத்தலாமா?"

"என் தம்பியும் நம்பிக்கையோடதான் போனான். ஒரு எழுத்து மாத்திச் சொல்லல. விசுவாசத்துல தளர்ந்துட்டான்னீங்களே, அவன் எங்கய்யா தளர்ந்தான்? நீங்க சொல்லிக் குடுத்த வரைக்கும் ஒழுங்கா செஞ்சான். அதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு நீங்க சொல்லித் தரவே இல்ல."

"எனக்குக் கதவு திறந்துச்சும்மா," என்றார் ஐயா. குரல் இன்னும் மெலிந்திருந்தது. "கேட்ட உடனே என் வீட்டுக்காரி திறந்தா. அதுலேருந்துதான் இந்தப் பாடத்தையே எழுதினேன்."

"உங்களுக்குத் திறந்துச்சு, சந்தோஷம். அதையே ஊருக்கெல்லாம் பாடமா போட்டா? உங்க வீட்டுக்காரி மாதிரிதான் ஊர்ல எல்லாரும் இருக்கணுமா? திறக்காதவங்க தப்பு பண்றாங்களா?"

அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. கதவு சாத்தியாச்சு. அடுத்து?"

"படியிறங்குவேன்."

"இறங்கி?"

"கேட்டுக்கு வெளிய வந்தா வலது பக்கம் முனையில கடை இருக்கு." சொல்லிவிட்டு டிரைவர் தரையைப் பார்த்தார்.

"எந்த முனையிலதான் இல்ல," என்றான் பெயிண்டர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இடது பக்கம் என்ன இருக்கு?"

"தெரியாதுக்கா. அந்தப் பக்கம் நான் போனதே இல்ல."

"யாருக்குப் போன் பண்ணுவீங்க?"

"இங்கதான் பண்ணணும். ஆனா ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் பிரார்த்தனையில இருப்பாங்க. ஆபீஸைப் பூட்டிடுவாங்க. யாரும் எடுக்க மாட்டாங்க."

நீராவி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விட்டால் எதையாவது எடுத்து அடித்துவிடுவோம் என்று தோன்றியது. பூட்டிய அறைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இங்கே எல்லோரும் கண்ணை மூடி, தடுமாறுகிறவர்களுக்காகக் கடவுளிடம் மனுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அவன் கூப்பிட்டான்," என்றாள் ஐயாவிடம். "திரும்பத் திரும்பக் கூப்பிட்டான்."

அந்தப் பெரிய உடம்பு பக்கத்திலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தது. மன்னிப்புக் கேட்பாரோ என்று ஒரு கணம் பயந்தாள். கேட்டால் இன்றைக்கு நிச்சயம் அறைந்துவிடுவாள். அவர் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, இல்லத்தில் விலாசம் கேட்டுக்கொண்டு, டிரைவரின் மகள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே போய் நின்றாள். ஏன் போகிறாய் என்று வீட்டில் கணவர் கேட்டதற்கு, "எனக்கே தெரியல, சும்மா இருங்க," என்று எரிந்து விழுந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். டிரைவர் அவளைப் பார்த்துவிட்டுப் படியேறினார். சட்டைக் காலர் மடங்கியிருந்தது. சரிசெய்யலாம் என்று கை நீண்டது. இழுத்துக்கொண்டாள்.

அதிக நேரம் ஆகவில்லை. இறங்கி வந்தார். முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார்.

"சங்கிலியை மாட்டிக்கிட்டுக் கொஞ்சமா திறந்தா. பின்னாடி குழந்தை எட்டிப் பாத்துச்சு. தாத்தாவான்னு கேட்டுச்சு. இல்லன்னு சொல்லிட்டுச் சாத்திட்டா."

மகள் செய்தது தப்பு என்று நீராவிக்குத் தோன்றவில்லை. டிரைவரின் கண் வலது பக்கம் போனது. முனையில் கடையின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"இந்தப் பக்கம்," என்று அவள் இடது பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்துப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

அந்தப் பக்கம் பிரமாதமாக ஒன்றும் இல்லை. மூடிக் கிடந்த டயர் கடை. ஒரு பள்ளிக்கூடத்தின் நீளச் சுவர். அதற்கப்பால் பஸ் நிறுத்தம். டிரைவர் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்தார். முதல் தடவை எண் தப்பிப் போயிற்று. மறுபடி அழுத்தினார். முதல் மணி முடிவதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க, நான்தான்," என்றது ஐயாவின் குரல். பின்னால் தூரத்தில் பிரார்த்தனைப் பாட்டு கேட்டது. பாட்டை விட்டுவிட்டு வெளியே போனோடு உட்கார்ந்திருக்கிறார்.

டிரைவர் அழுதார். ஐயா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவுதானா? ஒரு மணி அடிக்கும்போது ஒருவர் எடுப்பது. படிக்குக் கீழே ஒருவர் நிற்பது. இவ்வளவுதான் வேண்டியிருந்ததா, என் தம்பிக்கு? கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிற இந்த மனிதர் உயிரோடு இருப்பதன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. குழந்தையின் காலை உடைத்தவர் பிழைத்துக்கொண்டார், பாருங்கள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பஸ் வந்தது. "ஏறுங்க," என்றாள். ஏறினார். ஜன்னலோரம் அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு டிரைவர் மூக்கைத் துடைத்தபடி, "அடுத்த வாரம் பெயிண்டர் அவங்க அம்மாவைப் பாக்கப் போறான்," என்றார். "செவ்வாய்க்கிழமை ஒத்திகை. வருவீங்களாக்கா?"

"வருவேன். உங்க ஐயாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. என்ன பேசினாலும் நான் கதவைத் திறக்க மாட்டேன்."

"திறக்காதீங்க," என்றார் டிரைவர்.