தவமணி டீச்சரின் குதிங்கால்

கடையைத் திறந்துகொண்டிருந்தபோது பேச்சியம்மாவின் அழைப்பு வந்தது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தவமணி டீச்சருக்கு அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த ஓரறை வீட்டில், குடியிருப்பவர் அவர். மழை இரைச்சலில் பாதிதான் கேட்டது. "மொதலாளி, மண்ணு சரிஞ்சிருச்சு. கதவெல்லாம் தொறந்தாச்சு, எல்லாரும் வெளிய வந்துட்டோம். டீச்சர்தான் போய்ட்டாங்க." பாதி தூக்கிய இரும்புக் கதவுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கதவெல்லாம் திறந்தாச்சு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். டீச்சரை அறியாதவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நான் பதுளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். எழுதுவது என் வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கராத்தே வகுப்பில் மற்றவர்கள் உதைப்பதற்காக நெஞ்சுக்கு முன்னால் மெத்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆள் தடிமன் என்பதால் அந்த உத்தியோகம் எனக்கே நிரந்தரமாகிவிட்டது. டீச்சரின் உதையை என்னைவிட அதிகமாக வாங்கியவர் யாருமில்லை என்று நெஞ்சில் தட்டிச் சொல்வேன். தட்டினால் இப்போதும் வலிக்கும்.

தோட்டப் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த அவர், முதல்நாள் வந்தபோது என் தோள் உயரம்கூட இல்லை. உதைத்தார். மெத்தையில் ஈ உட்கார்ந்தது போல இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "டீச்சர், போய் நல்லா சாப்பிட்டுட்டு வந்து ஒதைங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரிண்ணே, சாப்பிட்டுட்டே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவர் பழகியதைப் பார்த்தவர்களுக்கு அவர்மேல் பரிதாபம் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மார்புவரை தூக்குவார். காலை மெதுவாக நீட்டி, நீட்டியபடியே நிறுத்துவார். தொடை நடுங்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்போதும் காலைத் தொப்பென்று கீழே போடமாட்டார். தூக்கிய அதே மெதுவோடு மடக்கி எடுப்பார். லொறி டயரை மரத்தில் சாய்த்துவைத்து இடுப்பைத் தள்ளி உதைப்பார். மழை பெய்தால் மண்டபத்துக்குள் இருக்கமாட்டார். வெளியே சேற்றில் வெறுங்காலோடு நின்று பழகுவார். "என்னா டீச்சர், மாட்டுப் பட்டியிலயா போட்டி வைக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒதைக்கிற காலப் பத்தியே பேசுறீங்க. நிக்கிற காலு வழுக்கிட்டா என்னாண்ணே பண்ணுவீங்க?" என்றார்.

ஒரு ஞாயிறன்று வழக்கம்போல மெத்தையைப் பிடித்தேன். நின்ற காலின் பாதம் லேசாகத் திரும்பியதும் இடுப்பு முன்னே வந்ததும் மட்டும்தான் கண்ணில் பட்டன. அடுத்து நான் நாற்காலிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன். மேலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்பிட்டுட்டு வந்தேண்ணே" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அவரிடம் இருந்தது அந்த ஒரே உதைதான். முழங்காலைத் தூக்கி, குதிங்காலால் நேராக, இடுப்பு உயரத்தில் ஒரு தள்ளு. சுழன்று உதைப்பது, தலைக்கு மேலே உதைப்பது எதையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போட்டிகளில் தோற்றார். மாஸ்டர் ஏசினார். "இது காட்டுறதுக்கு இல்லண்ணே" என்று என்னிடம் மட்டும் சொன்னார். வேறு எதற்கு என்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த வருட மழையில் ஒருநாள் என் கடைக்கு வந்தவர், கதவு சீவுகிற சீவுளியை ஒருவர் வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மழை வந்தா இது நல்லா ஓடுமாண்ணே?" என்றார். தோட்டங்களில் கதவு இறுகுகிற காலம், அடுக்கிவைத்தால் தீர்ந்துவிடும் என்று குஷியாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "ஒருநாளைக்கி எங்க லயத்துக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

போனேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், பின்னாலேயே செங்குத்தாக மலை. அங்கே ஓர் ஆசாரி கதவின் மேல்விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்ததும் கதவு மூடியது, திறந்தது. வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம், தேத்தண்ணி கொடுத்தார்கள். டீச்சர் என்னைத் தம் காம்பராவுக்கு அழைத்துப்போய் கதவு நிலையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். ஒரு மூலையில் விரல் நுழையும் இடைவெளி, எதிர்மூலையில் மரம் நசுங்கியிருந்தது.

"மரம் ஊதுனா வெயிலுக்குச் சுருங்கணும்ல? இது சுருங்கவே இல்ல. வருசா வருசம் கதவச் சீவுறாங்க. கதவுல ஒண்ணுமில்லண்ணே. நெலை சாயுது. லயமே எறங்குது."

வெளியே மலை சொட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர், இங்க இருக்காதீங்க, பதுளைக்கு வந்துருங்க" என்றேன். ஒவ்வொரு மழைக்கும் லயத்தை விட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள், பாடசாலையில் படுக்கிறோம், வெயில் அடித்ததும் திரும்பி வருகிறோம், வேறு இடத்தில் வீடு என்பது பேச்சோடு நிற்கிறது என்றார். "இவங்க எல்லாருக்கும் எடம் கெடைக்கிற அன்னைக்கி நானும் வர்றேன்."

மண் அசைந்தால் முதலில் இறுகுவது கதவு. லயத்துக் கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. இறுகிவிட்டால் உள்ளே இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் வராது. வெளியிலிருந்து ஒருவர் பூட்டுக்குப் பக்கத்தில் உதைத்தால்தான் உண்டு. அதற்காகத்தான் அந்த ஒரே உதை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பம் நட்டு, நடுவே ஒரு கதவை நிறுத்தி, பெண்களைப் பழக்கினார். முதலில் ஒரே கேலி. "ஏன்டி பேச்சி, ஒம் புருசனுக்கா ஒத்திகை பாக்குற?" என்று கத்தினார்கள். டீச்சரும் விட்டுக்கொடுக்கவில்லை: "அவரையும் கூட்டிட்டு வாங்க, மெத்தை புடிக்க ஆளில்ல."

அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். "ஒங்க கதவ நீங்க ஒதைக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கதவத்தான் ஒதைக்க முடியும். அதனால யாரு யாரோடயும் கோவிச்சுக்கிட்டு இருக்காதீங்க."

"அப்போ எல்லாக் கதவும் இறுகிட்டா, முதல் கதவ யாரு ஒதைக்கிறது?" என்று கேட்டேன். களத்தில் நின்ற கதவைக் காட்டினார். "இது எங்க வீட்டுக் கதவுண்ணே. கழட்டிட்டேன்." அந்தக் குளிரில், தம் வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தார் அந்த மனுஷி. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஏசிவிட்டு வந்தேன்.

மற்றது பேச்சியம்மா சொன்னது. பெரட்டுக்குப் போக இன்னும் நேரமிருந்த விடியல். மலைக்குள்ளே ஏதோ முறிகிற சத்தம். சாக்கை விலக்கிக்கொண்டு டீச்சர் வெளியே வந்து பேச்சியம்மாவின் கதவை உதைத்தார். பேச்சியம்மா ஒருபக்கமாக ஓடி உதைக்க, டீச்சர் மறுபக்கமாக ஓடினார். திறந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் அடுத்த வீட்டை உதைத்தார்கள். கடைசிக் காம்பராவில் எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவர். டீச்சர் கதவை உதைத்து உள்ளே போய், அவரை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டார். அந்த நொடியில் மண் சரிந்து கூரைமேல் விழுந்தது. பெரியவர் வந்தார். டீச்சர் வரவில்லை.

வழியெல்லாம் மண். வேன் நின்ற இடத்திலிருந்து நடந்துதான் போனேன். களத்துக் கதவைக் கழற்றி அதிலேதான் டீச்சரைத் தூக்கி வந்திருந்தார்கள். துணி மூடியிருந்தது. கதவின் ஓரத்தில், பூட்டுக்குப் பக்கத்தில், குதிங்கால்கள் பட்டுப்பட்டுக் குழிந்த இடம் மட்டும் தெரிந்தது.

டீச்சரின் குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது, மேட்டிலிருந்த இன்னொரு லயத்திலிருந்து ஒரு சத்தம். சர்... சர்... என்று யாரோ எதையோ சீவுகிறார்கள். எல்லோருக்கும் கேட்டது. நான் கத்திவிட்டேன்: "அடப் பாவிகளா, நிறுத்துங்கடா!" சத்தம் நின்றது. அங்கேயும் கதவுகள் இறுகத் தொடங்கியிருந்தன. கதவையும் டீச்சரோடு புதைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

பேச்சியம்மா கதவின் ஒரு முனையைத் தூக்கினார், மறுமுனையை நான் பிடித்தேன். மேட்டு லயத்து முற்றத்தில் கம்பம் நட்டுக் கதவை நிறுத்தினோம். கழுவவில்லை. பேச்சியம்மா சேலையைத் தூக்கிச் செருகி, சேற்றில் வெறுங்காலை ஊன்றி உதைத்தார். பிறகு மேட்டு லயத்துப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். அவளுடைய முதல் உதையில் கதவு அசையக்கூட இல்லை.

"சாப்பிட்டுட்டு வாம்மா" என்றேன்.

போய் வாருங்கள் டீச்சர். மழை இன்னும் விடவில்லை.