பச்சை இலையும் சிவப்பு விளக்கும்

நன்றாக இருக்கும் பயிரைக் காட்டி, "இதுக்கு நோய் வந்துடுச்சு" என்று சொல்வதுதான் என் வேலை. ஊர் ஊராகப் போய்க் கெட்ட செய்தி சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். விவசாய ஆபீஸில் என்னிடம் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். இலை மேல் வெளிச்சம் அடித்தால், திரும்பி வரும் ஒளியை வைத்தே பூஞ்சை நோயைக் கண்டுபிடித்துவிடும். புள்ளி விழுவதற்குச் சில நாள் முன்பே சிவப்பு விளக்கு எரியும்.

லால்குடி நெல்

செல்வராஜ் அண்ணன் வயல் பச்சைப் பசேலென்று இருந்தது. கருவியோ சிவப்பு காட்டியது. "குலை நோய்ண்ணே, உடனே மருந்து அடிங்க" என்றேன். அவர் சிரித்தார். கெஞ்சிக் கூத்தாடிப் பாதி வயலுக்கு மட்டும் அடிக்க வைத்தேன்.

அடுத்த வாரம் போனில், "உடனே வாங்க" என்றார். போய்ப் பார்த்தால், அடிக்காத பாதியில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. அன்றே அதற்கும் அடித்தோம். ஒரு மூலை போக மற்றதெல்லாம் பிழைத்தது. கிளம்பும்போது சொன்னார்: "தப்பு என் மேலதாங்க. ஆனா அன்னைக்கு நீங்க இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

தோட்டம் முழுக்கச் சிவப்பு

கொள்ளிடக் கரையில் கமலா அக்காவின் வாழைத் தோட்டம். கருவியை அவர் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்தேன். பிறகு எந்த மரத்தில் வைத்தாலும் சிவப்பு. அக்கா வரப்பிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

கருவியைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியில் சந்தனம், நடுவில் குங்குமம்! துடைத்ததும் எல்லா மரத்துக்கும் பச்சை விளக்கு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கண்ணு பட்டுடக் கூடாதுன்னு வச்சேன்மா. அதுக்கே ஒரு கண்ணு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கல்யாண இலை

ஸ்ரீரங்கத்தில் காதர் பாய் வாழை இலை வியாபாரி. மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு இலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நான் போன நேரம், அவர் தோட்டத்தில் இரண்டு வரிசைக்கு இலைப்புள்ளி நோய் என்றது கருவி. அந்த இலைகளைக் கழித்து எரித்தால்தான் மற்ற மரங்கள் தப்பும்; கழித்தால் கல்யாணத்துக்கு இலை போதாது.

பாய் அரிவாளை எடுத்துத் தானே கழித்தார். பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு, "சாமி, அம்பது இலை குறையும், மன்னிச்சுக்குங்க" என்றார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "கவலையே படாதீங்கோ பாய். பொண்ணோட அத்தை குடும்பமே கோவிச்சுண்டு வரலை, கணக்கு சரியாப் போயிடும்."

வந்த நோயைப் பரவ விடாமல் நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டால் வயலில் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது என்பதால், "அங்கே போய் என்னதான் பண்ணீங்க?" என்று ஆபீஸில் கேட்கும்போது முழிப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.