மிலேனாவோட ஊரைச் சொன்னது நான்தான்

என் மக இப்போ ஸ்கூல் ஆயா வேலைக்குப் போறா. அவளை மாதிரி புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்காக இதை எழுதறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

1. அட்மிஷன் நாள்

2005 ஜூன். மஞ்சக்குப்பத்துல ஒரு இங்கிலீஷ் மீடியம் நர்சரி ஸ்கூல். பிள்ளைங்களுக்கு மூக்கு துடைக்கறது, பாத்ரூம் கூட்டிட்டுப் போறது, டிபன் பாக்ஸ் திறந்து குடுக்கறது என் வேலை. அட்டெண்டன்ஸ் நோட்டுல நான் ‘ஆயா 2’. வேற பேரு உண்டான்னு யாரும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. வாயைத் திறக்கவே கூச்சம் எனக்கு.

அந்த வருஷம் எல்.கே.ஜி.யில எல்லாம் புதுப் பேரா வந்துது. ரியா, டானியா, யுகிதா. அதுல ஒண்ணு மிலேனா. கிளாஸ் மிஸ் ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டு, “சூப்பரா இருக்கே, எந்த நாட்டுப் பேருங்க இது?” ன்னு கேட்டாங்க.

“அவுங்க அப்பா லைப்ரரி புக்குல பாத்து வெச்சாரு மிஸ்” ன்னா அவ அம்மா.

அவ செல்வி. காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்க காலனியில எனக்கு எதிர்வீட்டு மருமக. பார்த்ததும் சிரிச்சேன். அவ தலையை லேசா ஆட்டிட்டு வேற பக்கம் திரும்பிட்டா. டவுனுக்கு வந்ததும் கொழுப்புன்னு நெனச்சுக்கிட்டேன்.

2. நாற்காலி

ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துது. வரவேற்பு டான்ஸ்ல முன்வரிசை நடுவுல மிலேனா. விருந்தாளிக்குப் பூச்செண்டு குடுக்கறதும் அவதான்.

பெரிய மேடம் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாங்க. உக்காருங்கன்னு சொன்னாங்க. அத்தனை நாள்ல அதான் முதல் தடவை.

“ஆயா, அந்த மிலேனா யாரு வீட்டுப் புள்ள? கிறிஸ்டியனா, வடநாட்டு ஆளுங்களா, ஒண்ணும் புரியல. ஃபார்ம்ல ஜாதி எழுதற இடத்துல கோடு போட்டுட்டாங்க. மத்த பேரண்ட்ஸ் கேக்கறாங்க.”

நாற்காலியில உக்காந்த சந்தோஷமோ, நம்ம ஊர்ப் புள்ள முன்வரிசையில நிக்கற பெருமையோ. “எங்க ஊருதான் மேடம். எதிர்வீடு” ன்னுட்டேன்.

மேடம் பேனாவை மூடி வெச்சாங்க. “ஓ. உங்க பக்கமா?”

அதுக்கு மேல கேக்கல.

மறுநாள் பூச்செண்டு வேற புள்ளைக்குப் போச்சு. டான்ஸ்ல மிலேனா கடைசி வரிசை. சாப்பாட்டு மணி அடிச்சதும் மிஸ் சொன்னாங்க: “ஆயா, மிலேனா பாயைத் தனியா ஜன்னல்கிட்டப் போடுங்க. நீங்களே பாத்துக்கங்க, உங்க ஆளுதானே.”

பாயை இழுத்துப் போட்டது என் கைதான்.

“ஏன் ஆயா நான் மட்டும் இங்க?”

“இங்கதான் காத்து வரும் கண்ணு.”

3. கேட்டுக்கு வெளியே

செல்வி என்னை கேட்டாண்ட நிறுத்திட்டா. “அத்தை, உங்களக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“எந்த சாமி பேரும் வேணாம், நம்ம பக்கத்துல வெக்கற பேரும் வேணாம், யாரு கேட்டாலும் புடிபடக் கூடாதுன்னு அவரு ஆறு மாசம் தேடுனாரு. நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க.”

“பெருமையா இருந்துச்சு செல்வி, அதான்.”

“பெருமை” ன்னு சொல்லிச் சிரிச்சா. “அட்மிஷன் அன்னிக்கு வேணாம்னு தலையாட்டுனேனே அத்தை. என்னன்னு நெனச்சீங்க?”

கொழுப்புன்னு நெனச்சதை எப்படிச் சொல்றது?

வருஷம் முடியறதுக்குள்ள டி.சி. வாங்கிட்டு சிதம்பரம் போயிட்டாங்க. நான் வேலையை விடல. அதே பாய்களை மடிச்சுக்கிட்டு அங்கேயே இருந்தேன்.

4. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு

2012ல ஊருக்குப் போறேன். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ல ஏறி உக்காந்தா, முன் சீட்டுல செல்வி. பக்கத்துல மிலேனா, தோள் வரைக்கும் வளந்துட்டா. என் பக்கத்துல இருந்த ஒரு அம்மா மிலேனாகிட்டப் பேச்சுக் குடுத்தாங்க.

“உன் பேரு என்ன பாப்பா?”

“மிலேனா.”

“அட, புதுசா இருக்கே. எந்த ஊரு நீங்க?”

புள்ள அம்மாவைப் பாத்துது. செல்வி திரும்பி என்னைப் பாத்தா. “சிதம்பரம்தான்” ன்னா. குரல் இறங்கிப் போச்சு.

நாங்க பாத்துக்கிட்டதை அந்த அம்மா கவனிச்சுட்டாங்க. என்கிட்டத் திரும்பி, “இவுங்க உங்களுக்குத் தெரிஞ்சவுங்களா?” ன்னு கேட்டாங்க.

“இல்லம்மா, தெரியாது” ன்னேன்.

வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். அந்த ரெண்டு வார்த்தையை அன்னிக்கு நாற்காலியில உக்காந்து சொல்லியிருக்கணும்.

மிலேனா மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாத்துது. செல்வி அதோட தலையைப் புடிச்சு முன்னாடி திருப்பிட்டா.