ஆறாத பல்குழி

பல்லைப் பிடுங்கி ஏழு வாரம் ஆகியும் குழி மூடவில்லை. நாக்கை வைத்தால் சொரசொரவென்று ஏதோ தட்டியது. வேரை உடைத்து உள்ளேயே விட்டுவிட்டார் என்று ஸ்ரீரங்கத்துப் பல் டாக்டர் மேல் எனக்குச் சந்தேகம். "இது வேற மாதிரி தெரியுதுங்க, தென்னூர்ல ஒரு தாடை சர்ஜன் இருக்கார், காட்டிடுங்க" என்று, திரும்பப் போனபோது அவர் கடிதம் கொடுத்தார். தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சர்ஜன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எலும்புக்கு ஏதாவது ஊசி போட்டுக்கறீங்களா?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மார்பில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் போனதிலிருந்து, இரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை எலும்புக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். பல் டாக்டரிடம் அதை மறைத்துவிட்டேன். அவர் மனைவி நான் வேலை பார்க்கும் ஸ்கூலிலேயே டீச்சர், விஷயம் அங்கே பரவிவிடும் என்று பயம். "வேற ட்ரீட்மென்ட் ஏதாவது?" என்று பல் டாக்டர் கேட்டபோது, "சுகர்கூட இல்லைங்க" என்று சிரித்து வைத்தேன்.

இப்போது சொன்னேன்.

"அந்த மருந்து உங்க இடுப்பெலும்பைக் காப்பாத்துது. ஆனா சில பேருக்குப் பல் எடுத்த இடம் ஆறாம, தாடையெலும்பு கொஞ்சம் செத்துப்போயிடும். ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் சர்ஜன்.

நான் நம்பவில்லை. நோய் தாடைக்கும் வந்துவிட்டது, பக்குவமாகச் சொல்கிறார் என்று தோன்றியது. ஸ்கேன் வந்த அன்று, என்னை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கணவர் மட்டும் உள்ளே போனார். "பயப்பட ஒண்ணுமில்லை" என்று வந்து சொன்னவர், அதற்கப்புறம் போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போனார். ஒருநாள் மத்தியானம் பீரோவைத் திறந்தேன். ஸ்கேன் கவரைக் காணோம்.

சாயங்காலம் அதைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

"எங்க போனீங்க?"

"பாங்க்குக்கு."

"ஸ்கேன் கவரோடவா?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கேன்சர் மாதிரி தெரியலைன்னுதான் டாக்டர் சொன்னார். எனக்குத்தான் நம்பிக்கை வரலை. வேற ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவரும் அதையேதான் சொல்றார்."

"ரெண்டு பேரும் பேசி வெச்சிருப்பாங்களோ?"

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டு வந்தேன்."

இருவரும் சிரித்துவிட்டோம். தாடை வலித்தது.

சர்ஜன் உடனே கத்தியை எடுக்கவில்லை. வாய் கொப்பளிக்க மருந்து, சீழ் வைத்தால் மாத்திரை, பதினைந்து நாளுக்கொருமுறை சுத்தம் செய்வது. புற்றுநோய் டாக்டரிடம் பேசி டிரிப்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். ஐந்தாம் மாதம் செத்த எலும்பு தானாக ஆட ஆரம்பித்தது. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். புளியங்கொட்டை அளவுதான். பரிசோதனைக்கு அனுப்பிய ரிப்போர்ட்டை நானே கையில் வாங்கி இரண்டு தரம் படித்தேன். புற்றுநோய் இல்லை. ஈறு மெல்ல மூடியது.

ஒரு சனிக்கிழமை தனியாகப் பல் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பல்லைப் பிடுங்கியே இருக்கமாட்டேங்க. வேர் சிகிச்சை பண்ணி அப்படியே வெச்சிருக்கப் பார்த்திருப்பேன்."

கோபமில்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இடது பக்கம் ஒரு பல் ஒரு வாரமாகக் கூசுவதையும் சொன்னேன்.

"உட்காருங்க, பார்ப்போம்" என்று விளக்கை இழுத்தார்.