ஆறு கோட்டுச் சீசா

கழுவிய சீசாவை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் குள்ளம்மாள். ஒரு பொட்டு அழுக்குத் தெரிந்தாலும் மறுபடி சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். பார்த்தபடியே, எதிரில் குந்தியிருக்கும் மலைக்காரரிடம் கேட்கிறாள்: "வூட்ல எத்தனை பேருங்க?"

பெயர்தான் குள்ளம்மாள், குனியாமல் எந்த நிலைப்படியையும் அவளால் தாண்ட முடியாது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற வழியில் ஜில்லா போர்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா. பெருக்குவது, கட்டுத்துணி அவிப்பது, பிள்ளை பெற வந்தவளுக்கு இடுப்புப் பிடித்துவிடுவது எல்லாம் சம்பளத்துக்கு. சீசா மட்டும் அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

மருந்து இனாம், சீசாவை நோயாளி கொண்டுவர வேண்டும். மலையில் சீசாவுக்கு எங்கே போவது? சுரைக்குடுக்கையோடு வருவார்கள். வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் காகித அளவுக்கோட்டைக் குடுக்கையில் எப்படி ஒட்டுவது என்று கம்பவுண்டர் பச்சியப்பன் தலையில் அடித்துக்கொள்வார். சிலர் வெறுங்கையோடு மலையேறிவிடுவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கிக் காலிச் சீசா கேட்க ஆரம்பித்தாள். "பிச்சைதானுங்க எடுக்கறேன். மருந்துக்கு எடுத்தா என்ன கொறஞ்சா போச்சு?" என்பாள்.

சரி, வீட்டில் எத்தனை பேர் என்று எதற்குக் கேட்கிறாள்? அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது நாகன் வீடு. அதற்கு இன்றும் அவள் நன்றியோடு இருக்கிறாள்.

போன ஐப்பசியில், மனைவி சென்னம்மாளுக்குக் குளிர் காய்ச்சல் என்று நாகன் மலையிறங்கி வந்தார். மலேரியாவுக்கான கசப்பு மருந்து, கொயினா மிக்ஸ்சர் கொடுத்தார்கள். ஆறு வேளைக்கு ஆறு கோடு. தீர்ந்ததும் வந்தார். மூன்றாம் முறையும் வாங்கிப்போய், நான்காம் முறையும் வந்து நின்றார். சென்னம்மாளுக்கு எழுந்து உட்காரவும் தெம்பில்லை. யுத்தம் வந்ததிலிருந்து கொயினா கிடைப்பதே குதிரைக்கொம்பு.

"மூணு தரம் குடுத்தாச்சுப்பா. கேக்காத ஒடம்புக்கே ஊத்திட்டா, கேக்கற ஒடம்புக்கு எங்க போறது?" என்று பச்சியப்பன் கையை விரித்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாகன் காலிச் சீசாவை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

குள்ளம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வேளாவேளைக்குக் குடுத்தீங்களா?"

"குடுக்காம இருப்பமுங்களா ஆத்தா? கோடு ஆறு, வூட்ல நாங்களும் ஆறு பேரு. ஆளுக்கொரு கோடு குடிச்சோம்."

"நீங்கல்லாம் எதுக்குங்க குடிச்சீங்க?"

"எதுவா இருந்தாலும் எங்க வூட்ல பங்கு வெச்சுத்தானுங்க. அந்தக் கசப்ப அவ ஒருத்தியா முழுங்கறது?"

ஆக, மூன்று சீசாவில் சென்னம்மாளுக்குப் போனது மூன்றே கோடு. குள்ளம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சீசாவைத் தேய்த்தேனே, ஒரு வார்த்தை கேட்டேனா என்று தன்னையே திட்டிக்கொண்டு பச்சியப்பனிடம் ஓடினாள். "இன்னும் ஒரே தரம் குடுங்க சார். அவ எந்திரிச்சு வரலேன்னா நான் பொறுப்பு." விஷயத்தைக் கேட்டதும் அவர் மருந்தை ஊற்றினார்.

ஆனால் பங்கு வைக்காதே என்றால் கேட்கிற வீடா அது? கட்டுத்துணி அவிக்கும் அடுப்பிலேயே நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி, இன்னொரு சீசாவில் ஊற்றி, அதற்கும் ஆறு கோடு ஒட்டச் சொன்னாள்.

"இது சென்னம்மாளுக்கு மட்டும். இது உங்க எல்லாருக்கும். அதே கசப்புதானுங்க."

நாகன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். முகம் கோணிப் போனது. திருப்தியாக மலையேறினார்.

அதன் பிறகு பெருக்கும்போதும் துவைக்கும்போதும் குள்ளம்மாளின் கண் மலைப்பாதையிலேயே இருந்தது. இருபதாம் நாள், கோலை ஊன்றிக்கொண்டு, நாகனுக்கு முன்னால் சென்னம்மாளே நடந்து வந்தாள். கையில் இரண்டு சீசா. ஒன்று காலி. மற்றதில் மலைத்தேன், ஆறு கோடு நிறைய.

"இங்க எத்தனை பேருங்க ஆத்தா?" என்று கேட்டாள் சென்னம்மாள்.

"டாக்டரு, கம்பவுண்டரு, நானு. மூணு பேரு."

"அப்ப ஆளுக்கு ரெண்டு கோடு."

நோயாளியிடம் ஒரு வாழைப்பழம்கூட வாங்கிப் பழக்கமில்லாத குள்ளம்மாள், மற்ற இருவர் பங்கையும் கிண்ணங்களில் ஊற்றிவிட்டு, சீசாவில் நின்ற தன் இரண்டு கோட்டையும் அங்கேயே அண்ணாந்து குடித்தாள். பிறகு சீசாவைக் கழுவி வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். கலங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் சீசாவைத் துடைத்தாள். அப்போதும் கலங்கல்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கிப் பிடித்தாள்.